வெளிநாட்டு பார்ட்டிகிட்ட வீடியோ கால்ல பேசுனப்போ நடந்தது, உங்களுக்கும் இப்படி ஆயிருக்கா?

நான் மெஷின் பார்ட்ஸ் சப்ளை பண்றேன், வாங்குற பார்ட்டி எல்லாம் வெளிநாடு, அதனால பேச்சு மொத்தமும் வீடியோ கால்லதான். ஒரு தடவ ரேட் பேசிட்டு இருந்தோம். நான் ரேட்டைச் சொன்னேன், அந்தப் பக்கம் சத்தமே இல்ல, ஸ்க்ரீன்ல அவர் முகம் அசையாம இருக்கு, சரி ரேட் ஜாஸ்தின்னு யோசிக்கிறார் போலன்னு மனசுல பட்டுது, நானே "வேணும்னா ரெண்டு பர்சென்ட் குறைச்சுக்கலாம் சார்"னு ஆரம்பிச்சேன், சொல்லி முடிக்கல, அதுக்குள்ள அவரோட "ஓகே, டன்" வந்து விழுது. அது நான் முதல்ல சொன்ன ரேட்டுக்கு அவர் சொன்ன ஓகே! அன்னிக்கு அவர் ஹோட்டல் வைஃபைல இருந்தாராம், என் பேச்சு அங்க போறதும் லேட்டு, அவர் பதில் இங்க வர்றதும் லேட்டு.

அப்புறம்தான் இதப் பத்தி தேடிப் படிச்சேன். நேர்ல பேசும்போது ஒருத்தர் முடிச்சு அடுத்தவர் ஆரம்பிக்கிறதுக்கு நடுவுல சராசரியா 200 மில்லிசெகண்ட்தான் இருக்குமாம். கால்ல குரல் ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் போய்ச் சேர 150 மில்லிசெகண்டுக்குள்ள இருந்தா நல்லதுன்னு ஐ.நா.வோட தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியுவோட ஜி.114 பரிந்துரை சொல்லுது. அதத் தாண்டிப் போகப் போக, ஆள் தயங்குறாரா லைன் தயங்குதான்னே நமக்குப் புரியாது. இப்பல்லாம் நம்பர் சொன்ன உடனே வாயை மூடிட்டு மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணுறேன், கூடவே அந்த நம்பரை சாட்லயும் டைப் பண்ணிடுறேன்.

---

சார், எனக்கு நடந்தது வேற மாதிரி. நான் குவாலிட்டி செக்கிங். ஒரு பீஸ்ல முடி மாதிரி மெல்லிசா ஒரு கீறல், அத கஸ்டமருக்கு மறைக்காம காட்டிடணும்னு போன் கேமராவ கிட்ட கொண்டு போய் லைட் அடிச்சு, பீஸைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். "ஒண்ணும் தெரியல, அனுப்புங்க"ன்னுட்டாங்க. சரக்கு போய்ச் சேர்ந்ததும் அதே கீறலுக்காக ரிஜெக்ட். நான் காட்டினது உண்மை, அவங்க பாக்கலன்னதும் உண்மை! ஏன்னா வீடியோ போகும்போது சாஃப்ட்வேர் அத அமுக்கித்தான் அனுப்புது, நெட் குறைஞ்சா முதல்ல காணாம போறது இந்த மாதிரி நுணுக்கமான கோடுங்கதான், அதுலயும் கேமரா ஆடிக்கிட்டே இருந்தா சொல்லவே வேணாம், எல்லாம் வழவழன்னு ஆயிடும். அதிலிருந்து கால் ஓடிட்டு இருக்கும்போதே பக்கத்துல ஸ்கேல் வச்சு போட்டோ எடுத்து மெயில்ல அனுப்பிடுவேன், அவங்க அதத் திறந்து பார்த்து சரின்னு சொன்னப்புறம்தான் பேக்கிங்.

இன்னொண்ணு, ப்ளூடூத் ஹெட்செட்ல பாட்டு நல்லா கேக்கும், ஆனா அதோட மைக்க ஆன் பண்ணிட்டா நிறைய மாடல்ல சத்தத்தோட தரம் சட்டுனு இறங்கிடும். முக்கியமான கால்னா வயர் ஹெட்செட்தான், முடிஞ்சா நெட்டுக்கும் கேபிள். நெட் ரொம்ப படுத்தினா வீடியோவ ஆஃப் பண்ணிடுங்க, முகம் தெரியலன்னாலும் பரவால்ல, குரல் அறுபடாம இருக்கணும்.

---

எங்களுக்கு டைம்ல அடி. எங்க பக்கம் வருஷம் முழுக்க ஒரே நேரம்தான், கடிகாரத்த மாத்துற பழக்கமே இல்ல. அமெரிக்கால மார்ச் ரெண்டாவது ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னாடி வைப்பாங்க, ஐரோப்பால மார்ச் கடைசி ஞாயிறுதான், நடுவுல ரெண்டு மூணு வாரம் மூணு பக்கமும் கணக்கு ஒத்து வராது. நாங்க எப்பவும் போல உக்காந்தா அமெரிக்கா பார்ட்டி ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து காத்திருந்து போயிட்டாங்க, அவங்க நேரத்த வீணாக்கிட்டோமேன்னு ரொம்ப சங்கடமா போச்சு. இப்ப நேரத்த யுடிசில, அதாவது எல்லா நாட்டுக்கும் பொதுவான உலக நேரத்துல எழுதி கேலண்டர் இன்வைட்டோட அனுப்புறோம்.

முதல்ல எழுதுன சார், அந்த ரெண்டு பர்சென்ட் என்னாச்சு?

---

குறைச்சது குறைச்சதுதான்ங்க, வாயால சொல்லிட்டு மாத்த மனசு வரல, அந்த ஆர்டர அந்த ரேட்டுக்கே அனுப்பிட்டேன். அடுத்த ஆர்டருக்குப் பழைய ரேட்டையே சொன்னேன். மறுபடியும் அதே அமைதி, அதே முகம். எண்ண ஆரம்பிச்சேன், நாலு வர்றப்போ ஓகே வந்துடுச்சு.