அரசு ஆய்வகத் தொழில்நுட்பம் வாங்கிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் சின்னதாக அவல் மில் வைத்திருக்கிறேன். ஒரு அரசு ஆய்வகம் கண்டுபிடித்த செய்முறையை உரிமம் வாங்கலாம் என்று போனேன். முன்பணம் கட்ட வேண்டும், அப்புறம் விற்பனையில் ஒரு பங்கு ராயல்டி. சரி. ஆனால் அது தனியுரிமம் இல்லையாம், நாளைக்கே பக்கத்து ஊர் மில்லுக்கும் கொடுப்பார்களாம். மக்கள் வரிப்பணத்தில் வந்தது எல்லோருக்கும் போகட்டும், அதுவும் நியாயம்தான். முன்பணத்தை நினைத்தால்தான் வயிறு கலங்குகிறது!

இதற்கென்று சட்டம் தேடினேன். அமெரிக்காவில் 1980-லேயே ஸ்டீவன்சன்-வைட்லர் சட்டம் போட்டு, தொழில்நுட்பத்தை வெளியே கொண்டுசேர்ப்பதை அரசு ஆய்வகங்களின் கடமையாக்கிவிட்டார்கள். சின்ன நிறுவனங்களுக்கு முன்னுரிமை என்பது அதே வருடத்து பை-டோல் சட்டத்தில் இருக்கிறது. நம் நாட்டில் 2008-ல் மாநிலங்களவைக்கு வந்த இதே மாதிரி மசோதா சட்டமாகவே ஆகவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது: முன்பணத்தைத் தவணையாகக் கட்ட யாராவது பேசி வாங்கியிருக்கிறீர்களா? ஆய்வகக் கண்டுபிடிப்புகளைத் தொழில்களுக்குக் கொண்டுசேர்க்க 1953-லிருந்து இருக்கும் அரசு நிறுவனமான தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகம் வழியாகப் போனால் சுலபமா? செய்முறை நம் நெல்லுக்கு ஒத்துவராவிட்டால் ஆய்வகத்திலிருந்து ஆள் வந்து பார்ப்பார்களா? ஒப்பந்தத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தஞ்சாவூர், திருவாரூர்க்காரர்கள் யாராவது கையெழுத்துப் போட்டிருந்தால் உள்பெட்டிக்கு வாங்க. அடுத்த வாரம் பதில் சொல்லணும்.