பினாங்கை விட்டு கேஎல் (கோலாலம்பூர்) போகலாமா?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெஸ்ட் இன்ஜினியராக இருக்கிறேன். கேஎல் பங்சார் சவுத்தில் ஒரு கம்பெனி 1,200 வெள்ளி (ரிங்கிட்) கூடுதலாகத் தருவதாகக் கூப்பிடுகிறது. இங்கே அம்மா சமையல், வாடகை கிடையாது. அங்கே வீடு எடுத்தால் இரண்டு மாத டெபாசிட், மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்று சாவி கைக்கு வருமுன்பே பணம் கரைந்துவிடும். அம்மாவுக்கு முட்டிவலி வேறு. அங்கிருந்து ஊருக்கு வர, பினாங்குப் பக்கம் உள்ள பட்டர்வொர்த் ஸ்டேஷனுக்கு இடிஎஸ் விரைவு ரயிலிலேயே சுமார் நான்கு மணி நேரம்.

ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுமுன் இடம் மாறும் செலவைக் கேட்கலாமா? கேட்டால் ஆளை மாற்றிவிடுவார்களோ என்று பயம். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை என்று வாயால் சொன்னார்கள், லெட்டரில் காணோம். அதை எழுத்தில் வாங்கியவர்கள் எப்படிப் பேசினீர்கள்? அப்புறம், இப்போதைய மேனேஜரிடம் எப்போது சொல்வது? வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.