பழைய ஜீப்புக்கு முன் பிரேக் ஹோஸ்: எங்கே கிடைக்கும்?

வணக்கம் நண்பர்களே. சூரியநெல்லிப் பக்கம் ஓடும் பழைய மஹிந்திரா எம்எம் 540 ஜீப். ஸ்பிரிங்கில் பட்டை சேர்த்துக் கொஞ்சம் உயரம் ஏற்றியிருக்கிறது. ஜாக்கி வைத்துத் தூக்கி முன் சக்கரத்தைத் தொங்கவிட்டால், சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் (குழாய்) விறைத்து நிற்கிறது, மேலே வெடிப்பும் தெரிகிறது. போடிமெட்டு இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. காலை எடுத்த பிறகும் இடது சக்கரம் உடனே விடுவதில்லை. ஹோஸ் உள்ளே ஊதி ஆயிலைத் திரும்ப விடவில்லை என்பது என் சந்தேகம்.

ஸ்டீல் பின்னல் போட்ட, நீளம் கூடிய ஹோஸ் மாட்ட நினைக்கிறேன். தேனியிலோ மூணாறிலோ பிரேக்குக்கென்றே செய்து, பிரஷர் டெஸ்ட் பண்ணித் தருபவர்கள் உண்டா? ஜேசிபிக்கு ஹோஸ் அடிக்கும் கடையைச் சொல்லாதீர்கள். அந்த ரப்பர் ஹைட்ராலிக் ஆயிலுக்கானது, பிரேக் ஆயில் பட்டால் கெட்டுவிடும்.

ஹோஸ் முனையில் இருக்கும் மரை இஞ்ச் அளவா, மில்லிமீட்டரா? இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருந்து தொலைக்கிறது, மாற்றி முறுக்கினால் ஒழுகும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தாலும் டயரில் உரசாமல் இருக்க எவ்வளவு நீளம் கூட்டினீர்கள்? பிரேக் ஆயிலையும் டாட் 3 தரத்திலிருந்து அப்படியே டாட் 4க்கு மாற்றிவிடப் போகிறேன். மாட்டியவர்கள் படம் போட்டால் பெரிய உதவி.