தேடல் மீட்புப் பயிற்சி தீயணைப்பு வேலைக்கு உதவுமா?

நிலாமுற்றம்:
வணக்கம். எனக்கு 17 வயது. பள்ளி முடித்ததும் தீயணைப்புத் துறையில் சேர வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. இளைஞர்களுக்கான தேடல் மீட்புத் தன்னார்வக் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். என்னையும் சேர்த்து மூன்று பெண்கள்தான். கயிற்றில் இறங்கச் சொல்லிக் கொடுப்பார்கள் என்று நினைத்துப் போனால், முதல் வகுப்பு மூன்று மணி நேரமும் காம்பஸ், வரைபடம்தான். "படிக்கிற நேரத்தில் இது எதுக்கு?" என்று அம்மா கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மையிலேயே வேலைக்கு உதவுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வடக்குமுள்:
தங்கச்சி, நான் 16 வயதில் இப்படி ஒரு குழுவில் சேர்ந்தவள். இப்போது தீயணைப்பில் ஒன்பதாவது வருடம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் காம்பஸ். திசையில் 5 டிகிரி தப்பினால், 1 கிலோமீட்டர் நடந்து முடிக்கும்போது சுமார் 87 மீட்டர் விலகிப் போயிருப்பாய். இருட்டில், புதருக்குள், 87 மீட்டர் தள்ளி ஒருவர் விழுந்து கிடந்தால் உன் டார்ச் வெளிச்சம் அவர் மேல் படவே படாது. அந்த மூன்று மணி நேரம் வீண் இல்லை.

என் இரண்டாவது வருடம், மறதி நோய் உள்ள ஒரு பெரியவரைத் தேடிப் போனோம். அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் கால் போன போக்கில் போய், முள்ளிலோ பள்ளத்திலோ மாட்டிக்கொண்டால் அங்கேயே நின்றுவிடுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் வராது. வரிசையாக நடந்தோம். பத்தடிக்கு ஒரு தடவை திரும்பிப் பார் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள், போகும்போது புதர் மறைப்பது திரும்பினால் தெரியும் என்று. திரும்பினேன். முள்ளுக்கு அடியில் ஒரு செருப்பின் குதிகால், வார் அறுந்து, சேறு காய்ந்து மண் நிறத்திலேயே இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் அவர் படுத்திருந்தார். கண் திறந்துதான் இருந்தது. அவ்வளவு நேரமும் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார், ஒரு வார்த்தை பேசவில்லை. கை ஜில்லென்று இருந்தது. தரைதான் உடம்புச் சூட்டை உறிஞ்சும் என்பதால் போர்வையை முதலில் அவருக்கு அடியில் விரித்தோம். ஆறு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்க, மற்றவர்கள் முறை மாற்ற, சாலைக்கு வந்து சேர விடிந்துவிட்டது.

ஆனால் வேலைக்கு எனக்கு அதிகம் உதவியது வேறொன்று. ஒரு பகுதியைத் தேடி முடித்ததும் "அங்கே இல்லை" என்று சொன்னால் எங்கள் பயிற்சியாளர் விடமாட்டார். "தேடினோம், காணவில்லை" என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு தடவை தேடினால் கண்ணில் படப் பாதி வாய்ப்பு என்று வைத்துக்கொள். அதே போல இன்னொரு தடவை தேடினாலும் 75 சதவீதம்தான், நூறு ஆகாது. இன்று புகை நிறைந்த வீட்டுக்குள் போய் வெளியே வந்ததும், "ரூம் காலி" என்று நான் சொல்வதில்லை. "கையால் தடவிப் பார்த்தேன், கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், அலமாரி திறக்கவில்லை" என்பேன். பயந்த குழந்தைகள் ஒளிந்துகொள்ளும் இடமே அதுதான். அந்த அலமாரியைத் திறக்க அடுத்தவர் உள்ளே போவார். இதை எனக்குத் தீயணைப்பில் சொல்லிக் கொடுப்பதற்கு முன்பே காடு சொல்லிக் கொடுத்துவிட்டது.

ஓடும்வண்டி:
நான் ஆம்புலன்ஸில் இருக்கிறேன். இந்தப் பயிற்சிச் சான்றிதழுக்கு வேலைத் தேர்வில் தனி மதிப்பெண் உண்டா என்பது இடத்துக்கு இடம் மாறும், விதிமுறையைப் படித்துவிடுங்கள். சிபிஆர் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுக்கும் முதலுதவி) மட்டும் கை பழகும் வரை பயிற்சி செய்யுங்கள். 30 அழுத்தம், 2 மூச்சு, அழுத்தும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. படித்தால் வராது, முழங்கால் வலிக்க வலிக்கத்தான் வரும்.

கயிற்றுமுடிச்சு:
பயிற்சியாளராக ஒரு வார்த்தை. 18 வயதுக்குள் இருப்பவர்களை ஓடும் வெள்ளத்திலோ ஆபத்தான உயரத்திலோ நிஜ மீட்புக்கு இறக்கும் குழு என்றால் உடனே விலகிவிடுங்கள். பெற்றோர் கையெழுத்து கேட்காத குழுவும் வேண்டாம். இடிபாடுகளில் மூன்று குறுகிய விசில் கேட்டால் எல்லாரும் வெளியேற வேண்டும், ஒரு நீண்ட விசில் என்றால் அசையாமல் அமைதி. கற்றுக்கொடுக்க வேண்டியது முதலில் இதைத்தான். அப்புறம், தேடிப் போனவர் உயிரோடு கிடைக்காத நாளும் வரும். அன்று உங்களை உட்கார வைத்துப் பேசும் குழுவா என்று கேட்டுப் பாருங்கள்.

நிலாமுற்றம்:
அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். செருப்பு வரும் இடத்தில் நிறுத்தி, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். சனிக்கிழமை இரவுப் பயிற்சிக்கு அவரே கொண்டுவந்து விடுகிறேன் என்கிறார். விசில் வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். எந்த மாதிரி வாங்கட்டும்?

வடக்குமுள்:
உள்ளே பந்து இல்லாதது. ஈரத்திலும் சேற்றிலும் பந்து சிக்கிக்கொள்ளும். பைக்குள் போடாதே, தோள்பட்டை வாரில் கட்டிக்கொள், வாய்க்கு எட்ட வேண்டும்.