பவள நிறப் போஸ்டர்: திரையில் பளிச், தாளில் மங்கல்

தெம்பனிஸ்_வாசி:
வணக்கம். சிங்கப்பூரின் ஏப்ரல் தமிழ்மொழி விழாவையொட்டி சமூக மன்ற நிகழ்ச்சி ஒன்றுக்கு ஏ3 போஸ்டரும் இணையப் பதிவுப் பக்கமும் செய்கிறேன். பின்னணி முழுக்கப் பவள நிறம் (ஆர்ஜிபி, அதாவது திரையின் சிவப்பு, பச்சை, நீல ஒளி அளவு: 255, 127, 80), மேலே வெள்ளைத் தமிழ் எழுத்து, கீழே பேச்சாளர்கள் படம். அச்சு மாதிரி பழுப்படித்து வந்திருக்கிறது. சின்ன எழுத்துகளில் புள்ளியே காணோம். நிறத்தையே மாற்றிவிடலாமா?

அச்சுமை:
நிறம் இருக்கட்டும், கலவையைப் பாருங்கள். பவளம் அச்சில் மஜெண்டாவும் (ரோஸ் மை) மஞ்சளும் மட்டும்தான். ஆர்ஜிபி கோப்பை அப்படியே அனுப்பினால், மாற்றும்போது சயானோ (நீல மை) கறுப்போ 3, 4 விழுக்காடு புகுந்துவிடலாம். பழுப்பாக அதுவே போதும். சிஎம்ஒய்கே (இந்த நான்கு மைகளின் அளவில் நிறத்தைக் குறிக்கும்) கோப்பாக, சயான் 0, கறுப்பு 0 என்று நீங்களே போட்டு அனுப்புங்கள்.

மஜெண்டா 60, மஞ்சள் 60இல் தொடங்கலாம். இளஞ்சிவப்புப் பக்கம் சாய வேண்டுமென்றால் 65, 50. பவளமல்லிக் காம்பு போல ஆரஞ்சு தூக்கலாக வேண்டுமென்றால் 58, 70. இப்படி நாலைந்து கட்டங்களை ஒரே தாளில் அச்சடித்து, பகலில் சன்னலோரம் ஒரு முறை, அடுக்குமாடி புளோக் கீழ்த்தள வெள்ளை விளக்கில் ஒரு முறை வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மஜெண்டா 5 விழுக்காடு கூடினாலே வேறு நிறமாகிவிடும்.

தாள் என்ன? பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சும், இந்த நிறம் அதில் நிச்சயம் மங்கும். பூச்சுள்ள ஆர்ட் தாளிலும் திரையின் பளிச்சு முழுசாக வராது. அதே பளிச்சு வேண்டுமென்றால் அந்த நிறத்துக்கென்றே கலந்த தனி மைதான், செலவு கூடும். அப்போது, நிறங்களுக்கு எண் கொடுக்கும் பான்டோன் நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு நிறமான 16-1546ஐக் கேட்காதீர்கள். அது துணி, வீட்டு அலங்காரத்துக்கான எண். அச்சகத்துக்கு சி (பூச்சுள்ள தாள்) அல்லது யூ (பூச்சில்லாத தாள்) என்று முடியும் மை எண் வேண்டும்.

எழுத்துருப்_பித்தன்:
புள்ளி காணாமல் போனதற்குக் காரணம் வேறு. பின்னணி இரண்டு மைகளால் ஆனது. ஒவ்வொரு மைக்குமான அச்சுத் தகடுகள் மயிரிழை விலகினாலும் வெள்ளை எழுத்துக்குள் ரோஸோ மஞ்சளோ கசியும். ஆங்கில எழுத்து அதைத் தாங்கிவிடும். நமக்கு முதலில் மூடுவது புள்ளி, அடுத்து ண, ஞ, ஷ சுழிகள். 9 பாயின்டில் வெள்ளையைப் போடவே கூடாது. 14 பாயின்டுக்கு மேல், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவில் செமிபோல்டு (சற்றுத் தடித்த வகை), வரி இடைவெளி சற்றுத் தாராளம்.

நேரம், இடம், தொடர்பு எண் எல்லாம் கறுப்பில். கறுப்பு 100 மட்டும், ஓவர்பிரிண்ட் ஃபில் (பின்னணியை வெட்டாமல் அதன் மேலேயே அச்சிடும் தேர்வு) டிக் செய்து. நான்கு மையும் கலந்த கருநீலம் வேண்டாம், அதுவும் விலகும்.

பொத்தான்_பொறுக்கி:
இணையப் பக்கத்திலும் வெள்ளை நிற்காது. உங்கள் பவளத்தின் மேல் வெள்ளையின் கான்ட்ராஸ்ட் (இரண்டின் வெளிச்ச வேறுபாட்டு விகிதம்) 2.5:1. சாதாரண எழுத்துக்கு 4.5, பெரிய எழுத்துக்கு 3 வேண்டும், பெரிசுக்கே பற்றவில்லை. கறுப்பு 8.4, கருநீலம் (31, 42, 68) 5.7. கரும்பச்சை நீலம் (15, 76, 82) பக்கத்தில் அழகாக இருக்கும், ஆனால் 3.9தான், தலைப்புக்கு மட்டும். வெள்ளை எழுத்துப் பொத்தான்தான் வேண்டுமென்றால் பொத்தானை 200, 64, 47க்கு இறக்குங்கள், கிட்டத்தட்ட 5 வரும்.

படிவத்தில் இன்னொரு தொல்லை: பிழைச் செய்தியின் சிவப்பும் பவளமும் ஒட்டிக்கொள்ளும். ‘பதிவு செய்க’ பொத்தானே ஏதோ தப்பு என்று சொல்வது போல் தெரியும். பிழைக்குக் குறியும் வாசகமும் சேருங்கள். பவளத்தையும் இளம்பச்சையையும் மட்டும் வைத்து ‘இடம் உண்டு, இல்லை’ காட்டாதீர்கள். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியலாம்.

தெம்பனிஸ்_வாசி:
நன்றி, தெளிவாகிவிட்டது. ஏற்பாட்டுக் குழு தலைப்பு மட்டுமாவது வெள்ளையாக இருக்கட்டும் என்கிறது. பேச்சாளர்கள் முகமும் பின்னணியோடு கலந்தது போல் இருக்கிறதே?

எழுத்துருப்_பித்தன்:
ஏ3 தலைப்பு 100 பாயின்டுக்கு மேல் இருக்குமே, தாளில் வெள்ளை தாங்கும். பதிவுப் பக்கத்தில் கருநீலமாக்குங்கள், வாதாட வேண்டியது அதற்குத்தான். முகம் கலப்பது இயல்பு: நம் தோல் நிறமும் அதே ஆரஞ்சுச் சாயல்தான். படங்களைப் பவளத்தின் மேல் நேரடியாக வெட்டி ஒட்டாமல் வெளிர் சந்தன நிறக் கட்டத்துக்குள் (255, 246, 236) வையுங்கள். பவளம் போஸ்டரில் பாதிக்கு மேல் வேண்டாம்.

அச்சுமை:
வெயில் படும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதாக இருந்தால் இரண்டு பிரதி கூடுதலாக எடுத்து வையுங்கள். வெயிலில் முதலில் வெளுப்பவை மஞ்சளும் மஜெண்டாவும்தான், உங்கள் பின்னணி முழுக்க அவைதாம்.