அம்மாவின் கால் நரம்புச் சுருட்டல்: ஸ்டாக்கிங்ஸ் போடுபவர்கள் யோசனை சொல்லுங்கள்

வணக்கம். அம்மாவுக்கு நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை. இரண்டு காலிலும் வெரிகோஸ் வெயின். சிரைகளில் உள்ள வால்வுகள் சரியாக மூடாமல் ரத்தம் கீழேயே தேங்குகிறது என்று ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் தெரிந்தது.

சாயங்காலமானால் கெண்டைக்கால் கனத்து வலிக்கிறது. கால்களை இதயத்தைவிட உயரமாகத் தலையணை மேல் வைத்துப் படுத்தால் வலி நன்றாகவே குறைகிறது. நடந்தாலும் வலி குறைகிறது, நிற்பதுதான் ஆகவில்லை.

தகராறு, கால்களை இறுக்கிப் பிடிக்கும் அந்த ஸ்டாக்கிங்ஸோடுதான். காலுக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று பார்த்து, அளவெடுத்துத்தான் எழுதிக்கொடுத்தார்கள். ஆனால் காலையில் அதை ஏற்றுவதற்குள் எங்கள் இருவருக்கும் மூச்சு வாங்குகிறது! அப்புறம் முழங்காலுக்குக் கீழே சுருண்டு இறுக்குகிறது. ரப்பர் கையுறை போட்டு இழுத்தால் சுலபமா? வேறு வழி உண்டா?

ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கம், சூடு, வலி வந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மூச்சுத்திணறலும் சேர்ந்தால் ஆம்புலன்ஸ். சிரை உடைந்து ரத்தம் வந்தால் படுக்கவைத்து, காலை உயர்த்தி, அழுத்திப் பிடிக்க வேண்டும். இதெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். இப்போது கணுக்காலின் உட்பக்கம் தோல் பழுப்பாகி அரிக்கிறது. புண்ணாகிவிடுமோ என்று பயம். உங்களில் யாருக்காவது இப்படி ஆனதா? அடுத்த செக்கப்புக்குக் காத்திருக்காமல் உடனே காட்டினீர்களா?

இதற்கு லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்கள், எப்போது திரும்ப நின்று வேலை செய்ய முடிந்தது என்றும் சொல்லுங்கள். எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கும் வைத்தியம் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.