யாழினியின் ஹெரிஸ் கம்பளம்: குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

யாழினி, சனி காலை 9.12
அனைவருக்கும் வணக்கம். புதிய வீட்டு வரவேற்பறைக்குக் கையால் நெய்த பழைய பாரசீகக் கம்பளம் ஒன்று வாங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நேற்று இங்கே ஸ்டுட்கார்ட்டில் ஒரு கடையில் மனத்துக்குப் பிடித்த ஒன்றைக் கண்டுவிட்டேன். அது வடமேற்கு ஈரானின் ஹெரிஸ் பகுதியில் நெய்த ஹெரிஸ் கம்பளம், 3.40 மீற்றர் நீளம், 2.50 மீற்றர் அகலம். செங்கல் சிவப்பு நிலத்தில் நடுவே பெரிய எண்கோணப் பூ. ஒரு மூலையில் 1331 என்று பாரசீக எண்களில் நெய்திருக்கிறார்கள். அது 1913ஆம் ஆண்டைக் குறிப்பதாகவும், கம்பளம் நூறு வயதைக் கடந்தது என்பதற்குச் சான்றிதழ் தருவதாகவும் கடைக்காரர் சொல்கிறார். விலை 5,200 யூரோ. சிவா மாமா, ஹம்பேர்க் கம்பளக் களஞ்சியத்தில் இத்தனை காலம் பழுதுபார்த்த கை உங்களுடையது. உங்களைக் கேட்காமல் முற்பணம் கொடுக்க மனம் வரவில்லை.

ரஜனி சித்தி, 9.40
படத்தில் மிக அழகாக இருக்கிறது, யாழினி. ஆண்டை நெய்து வைக்கும் வழக்கம் பழையது. இங்கே லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் அர்தபீல் கம்பளத்தின் ஒரு முனையிலும் இஸ்லாமிய ஆண்டான ஹிஜ்ரி 946 என்று இருக்கிறது, அதாவது 1539–40. பத்து மீற்றருக்கும் மேல் நீளமான அந்தக் கம்பளத்தின் நிறம் மங்கக் கூடாது என்பதற்காக, அரை மணிக்கு ஒரு முறை பத்து நிமிடம் மட்டுமே அதன்மேல் விளக்கைப் போடுகிறார்கள்.

சிவா மாமா, 10.25
பிள்ளை, முற்பணம் கொடுக்க முன்னர் கேட்டது நல்லது. கடைக்காரர் சொன்ன கணக்கில் பிழையில்லை. 1331ஐச் சந்திர ஹிஜ்ரி ஆண்டாகக் கொண்டால் 1913தான் வரும். ஆனால் ஈரான் 1925இல் சூரிய ஹிஜ்ரி நாட்காட்டிக்கு மாறிவிட்டது, அந்தக் கணக்கில் 1331 என்பது 1952 மார்ச்சில் தொடங்கிய ஆண்டு. நெய்தவர் எந்தக் கணக்கில் எழுதினார் என்பதை எண் மட்டும் சொல்லாது. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய நாற்பது ஆண்டு இருக்கிறது. விலையில் பாதிக்குமேல் அந்த நாற்பது ஆண்டுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. இலக்கம் ஒன்றின் முடிச்சுகளைப் பிடுங்கி வேறு முடிச்சுப் போட்டு ஆண்டையே பழையதாக்கிக் காட்டுகிறவர்களும் இந்தத் தொழிலில் உண்டு. ஆகவே அந்த எண்ணின் பின்புறத்தைத் தனியாகப் படமெடுத்து அனுப்பு. சான்றிதழை இப்போதைக்கு மறந்துவிடு. விற்கிறவரே எழுதித் தரும் தாளுக்கு, அவர் வாயால் சொன்ன சொல்லைவிட அதிக மதிப்புக் கிடையாது.

குமரன் அண்ணா, மாலை 3.05
நியூ ஜேர்சியில் இப்போதுதான் எழுந்து எல்லாவற்றையும் வாசித்தேன். மாமா, ஹெரிஸ் கம்பளங்களில் முடிச்சு நெருக்கம் குறைவு என்று கேள்விப்பட்டேன். அதே பணத்துக்கு நெருக்கமாக நெய்த, ஈரானின் இஸ்பஹான் அல்லது நாயீன் நகரத்துக் கம்பளம் ஒன்றைத் தேடினால் அவளுக்கு நல்லதல்லவா? பிற்காலத்தில் விற்றாலும் விலை ஏறியிருக்கும்.

சிவா மாமா, 3.50
குமரன், முடிச்சுக் கணக்கை மட்டும் வைத்துக் கம்பளம் வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே மனவருத்தமாக இருக்கும். நேர்த்தியான இஸ்பஹானில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு அறுபதுக்கு மேற்பட்ட முடிச்சுகள் இருக்கலாம், ஹெரிஸில் ஐந்து முதல் பத்து வரைதான். ஆனால் சபலான் மலைச் சரிவில் உள்ள அந்த ஊர்களில் தடித்த, எண்ணெய்ப் பசை உள்ள கம்பளியை எடுத்து, பருத்திப் பாவில், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல்களில், அடுத்தடுத்த இரண்டு நூலையும் சுற்றி வரும் முடிச்சாகப் போடுகிறார்கள். பிள்ளைகள் ஓடி விளையாடும் அறையில் அது தலைமுறைகளுக்கு உழைக்கும். முடிச்சு குறைவாக இருப்பதால்தான் வளைகோடு வராமல், படியாக ஏறி இறங்கும் அந்த எண்கோணப் பூவே பிறக்கிறது. முடிச்சை எண்ணுவதைவிட முடிச்சைப் பார்ப்பது முக்கியம்: இரண்டு பாவு நூலில் போட வேண்டியதை நான்கு நூலில் போட்டு வேலையைப் பாதியாக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படி நெய்தது பார்வைக்கு நிறைவாக இருந்தாலும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

விலை ஏறும் என்ற எண்ணத்தில் வீட்டுக்குக் கம்பளம் வாங்க வேண்டாம். 17ஆம் நூற்றாண்டுக் கிர்மான் கம்பளம் ஒன்று 2013இல் நியூயோர்க் ஏலத்தில் 3 கோடியே 37 இலட்சம் டொலருக்குப் போனது உண்மைதான். அது அருங்காட்சியகத் தரம். சாதாரணப் பழைய கம்பளங்களின் விலையோ ஐரோப்பாவில் கடந்த பல ஆண்டுகளாக இறங்கித்தான் இருக்கிறது. வாங்கிப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது நல்ல காலம்.

குமரன் அண்ணா, 4.10
விளங்கிவிட்டது, மாமா. இங்கே வெளியிலிருந்து கொண்டுவரவும் முடியாது. ஈரானியக் கம்பளத்துக்கு 1987இல் போட்ட தடையை 2000இல் நீக்கி, 2010இல் மீண்டும் போட்டு, 2016இல் தளர்த்தி, 2018 ஓகஸ்ட்டில் திரும்பவும் கொண்டுவந்துவிட்டார்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பவைதான் கைமாறுகின்றன; ஈரானின் சாரூக் ஊர்ப் பெயரால் விற்கும் பழைய கம்பளங்கள் நிறையக் கண்ணில் படுகின்றன.

சிவா மாமா, 4.22
சாரூக் வாங்கினால் பின்புறத்தின் நிறத்தை முன்புறத்தோடு ஒப்பிட்டுப் பார். 1920களிலும் 30களிலும் அமெரிக்காவுக்குப் போனவற்றில் பலவற்றின் நிறத்தை இரசாயனத்தால் வெளிறவைத்து, அங்கத்தைய ரசனைக்கு ஏற்ப நிலத்தைத் தூரிகையால் கடுஞ்சிவப்பாகத் தீட்டினார்கள். பின்னால் இளஞ்சிவப்பும் முன்னால் அடர்சிவப்புமாக இருந்தால் அந்த வேலை நடந்திருக்கிறது.

யாழினி, நீ கடைக்குத் திரும்பிப் போய்க் கம்பளத்தை முழுவதுமாகப் புரட்டிப் போடச் சொல். இரண்டு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் பார். கம்பளி இழைகளை விரலால் பிரித்து, அடியில் உள்ள நிறமும் நுனியில் உள்ள நிறமும் ஒன்றுதானா என்று கவனி. முற்காலச் செயற்கைச் சாயமானால் அடியில் பளிச்சென்றும் நுனியில் சாம்பல் பூத்தும் இருக்கும். மஞ்சிட்டி வேரிலும் அவுரியிலும் தோய்த்த கம்பளி, தோய்ப்புக்குத் தோய்ப்பு சற்றே மாறுவதால், ஒரே சிவப்புக்குள்ளும் அகன்ற பட்டைகளாக ஏற்ற இறக்கம் தெரியும். அது குறையல்ல, அழகு. அடுத்து, பூக்களைச் சுற்றியுள்ள கரும்பழுப்புக் கோட்டின்மேல் விரலை ஓட்டு. இரும்புச் சத்துச் சேர்த்துக் கறுப்பாக்கிய கம்பளி காலப்போக்கில் அரித்துப் போகும் என்பதால், மிகப் பழைய கம்பளத்தில் அந்தக் கோடு பள்ளமாக இறங்கி, சிவப்பு அதன் இரு பக்கமும் மேடாக நிற்கும். கடைசியாக, ஓரத்தை இரண்டு கையாலும் மெதுவாக மடித்து காதருகே பிடி. நொறுங்கும் ஒலி கேட்டால் பாவு நூல் உக்கிவிட்டது. எத்தனை அழகாக இருந்தாலும் விட்டுவிட்டு வந்துவிடு.

யாழினி, திங்கள் மாலை 6.30
மாமா, நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் பார்த்தேன். இழை அடியிலிருந்து நுனிவரை ஒரே நிறம். சிவப்பு நிலம் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சற்றும் ஏறி இறங்காமல் ஒரே சீராக இருக்கிறது. பழுப்புக் கோட்டில் விரலுக்குப் பள்ளம் எதுவும் தட்டுப்படவில்லை. எண்ணின் பின்புறம் சுற்றியுள்ள நெசவோடு ஒத்துப்போகிறது, படம் அனுப்பியிருக்கிறேன். மடித்தபோது ஒலி எதுவும் இல்லை. ஆனால் ஒரு முனையில் குஞ்சம் தனியாகத் தைத்து ஒட்டப்பட்டிருக்கிறது; அதன் அருகே உள்ளங்கை அகலத்துக்கு அந்துப்பூச்சி அரித்த இடத்தைப் புதுக் கம்பளியால் நிரப்பியிருக்கிறார்கள்.

சிவா மாமா, 7.15
எண்ணில் யாரும் கைவைக்கவில்லை என்பது தெளிவு. ஏற்ற இறக்கமில்லாத சிவப்பு, பிற்காலத்து உறுதியான செயற்கைச் சாயத்தின் அடையாளம். பழுப்பு அரிக்காததற்கு அது ஆட்டின் இயல்பான நிறக் கம்பளியாக இருப்பதும் காரணமாகலாம் என்பதால், அதை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது இது 1952இல் நெய்த கம்பளம் என்பதே என் முடிவு. குஞ்சம் என்பது பாவு நூலின் முனை. தைத்து ஒட்டியிருந்தால் அந்த முனையில் சில வரிசைகள் போய்விட்டன என்று பொருள்.

இதனால் கம்பளத்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுபது ஆண்டு கடந்தும் பாவு உறுதியாக நிற்கிறது, கம்பளி நல்ல உயரத்தில் இருக்கிறது. ஆனால் நூறாண்டு விலையை எழுபதாண்டுக் கம்பளத்துக்குக் கொடுக்காதே.

ரஜனி சித்தி, 7.28
பழுதுபார்த்த கம்பளத்தை வாங்குவது சரியா, அண்ணா?

சிவா மாமா, 7.36
நீ போய்ப் பார்க்கும் அர்தபீல் கம்பளமே பழுதுபார்த்ததுதான். ஒரே வடிவில் இரண்டு கம்பளங்கள் இருந்தன. ஒன்றின் பாகங்களை வெட்டி மற்றதை நிறைவாக்கித்தான் 1893இல் 2,000 பவுணுக்கு அருங்காட்சியகத்துக்கு விற்றார்கள். குறைந்துபோன மற்றது இன்று லொஸ் ஏஞ்சல்ஸில் இருக்கிறது. கம்பளத்துக்குப் பழுதுபார்ப்பு இழுக்கல்ல, அதை மறைத்து விற்பதுதான் குற்றம்.

யாழினி, புதன் பகல் 1.20
கடைக்காரரிடம் சூரிய ஆண்டுக் கணக்கைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்படியும் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு விலையை 2,300 யூரோவுக்கு இறக்கினார். பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்ற உடன்பாட்டில் இரண்டு வாரம் வீட்டில் விரித்துப் பார்க்கவும் சம்மதித்தார்.

சிவா மாமா, 1.45
நியாயமான விலை, எடுத்துக்கொள். பற்றுச்சீட்டில் ‘கையால் நெய்த ஹெரிஸ், 1950களைச் சேர்ந்தது, ஒரு முனை பழுதுபார்க்கப்பட்டது’ என்று எழுதி வாங்கு. உனக்குப் பயன்படும் தாள் அதுதான். மரத்தரையில் வழுக்காமலும் பாவு தேயாமலும் இருக்க, கம்பளத்தைவிடச் சற்றுச் சிறிதாக வெட்டிய கம்பளி விரிப்பு ஒன்றை அடியில் போடு. சுழலும் தூரிகை உள்ள தூசி உறிஞ்சியைக் குஞ்சத்தின் அருகே கொண்டுபோகாதே. வருகிற வாரம் நான் ரயிலில் வருகிறேன். தைத்த குஞ்சத்தைப் பிரித்து, அந்த முனையை ஒழுங்காகக் கட்டித் தருகிறேன். வெள்ளைப் பருத்தி நூல் தடித்தது ஒரு பந்து வாங்கி வை.